தென்பாண்டிச் சீமையின் குடிவரலாறு – 9: தாழியும் கோட்டையும் தலைக்கணக்கும்

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள நிலத்துக்கு இரண்டு நிறம். மேற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மலையடிவாரத்தை ஒட்டிச் செவலும் ஓடையும் குளமும். கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் நோக்கிப் போகப்போகக் கரிசல். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் சிற்றோடைகள் குளங்களை நிரப்பிவிட்டு, மிஞ்சிய நீரை வைப்பாற்றில் சேர்க்கின்றன. தாமிரபரணியைப் போல ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இந்தப் பக்கம் கிடையாது. மழை தப்பினால் ஆட்கள் ஊரை விட்டு நகர்வதும், குளம் பெருகினால் புது ஆட்கள் வந்து குடியேறுவதும் இங்கே வெகுகாலத்து வழக்கம். இந்தப் பகுதியில் எவ்வளவு பேர் வாழ்ந்தார்கள், யார் எப்போது வந்தார்கள், ஐரோப்பியர் வருகைக்குப் பின் அந்தக் கூட்டம் கூடியதா குறைந்ததா என்ற கேள்விகளுக்கு விடை தேடுபவர் இந்த நகர்வை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றுகள் மூன்று வகையாக இருக்கின்றன. மண்ணுக்கடியில் கிடக்கும் ஈமத்தாழிகள் ஒன்று. கல்வெட்டும் வழிவழிக் கதைகளும் மற்றொன்று. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் தொடங்கிய காகிதக் கணக்கு மூன்றாவது. இவை ஒன்றையொன்று தொடுவதில்லை. தாழிகள் சங்க காலத்தோடு ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. காகிதம் 19ஆம் நூற்றாண்டில்தான் பிடிபடுகிறது. நடுவே ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள். அவற்றில் ஆட்களின் எண்ணிக்கை பற்றி நேரடியாகப் பேசும் சான்று எதுவும் இல்லை.

முதலில் தாழிகள். தேரி மணலில் சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பகுதிகளில் கிடைக்கும் சிறுகற்கருவிகள் இந்தச் சீமையில் வேட்டைக் குடிகள் மிகப் பழங்காலத்திலேயே திரிந்ததைக் காட்டுகின்றன. ஊன்றி வாழ்ந்தவர்களின் தடயம் ஈமக்காடுகளில்தான் கிடைக்கிறது. ஆதிச்சநல்லூரை 1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் தோண்டிப் பொருள்களை அள்ளிச் சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ முறையாக ஆய்ந்தார். 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் இறங்கி, சிறிய பரப்பிலேயே 150க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அதே ஈமக்காட்டின் வேறு மாதிரிகளைக் கொண்டு இரும்பின் காலத்தைப் பொ.ஆ.மு. 4ஆம் ஆயிரத்தாண்டு வரை பின்னுக்குக் கொண்டுசெல்லும் கணிப்பைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது.

சங்கரன்கோவில் பக்கத்துக்கு இவற்றைவிட நெருக்கமானது திருமலாபுரம். சிவகிரி வட்டத்தில் மலையோரமாக உள்ள இந்த ஊரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2024இல் அகழாய்வைத் தொடங்கியது. இங்குள்ள ஈமக்காடு சுமார் 35 ஏக்கர் விரிந்தது. பெரிய கற்பலகைகளைச் செவ்வகமாக நட்டு, உட்புறம் கூழாங்கற்களை நிரப்பி, அதற்குள் தாழிகளை இறக்கியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அதுவரை வெளிப்படாத அமைப்பு இது என்று துறை அறிவித்தது. வெண்கோடு தீட்டிய கருப்பு-சிவப்புப் பானைகள் இங்கும் உண்டு. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, துலுக்கர்பட்டி ஆகிய இடங்களிலும் அதே வகை கிடைத்திருக்கிறது. ஆற்றங்கரையும் மலையடிவாரமும் ஒரே பண்பாட்டு வட்டத்துக்குள் இருந்தன என்பதற்கு இந்தப் பானைகளே சாட்சி. ஆறில்லாத மேற்கில் ஆள் குடியேறியது பிற்காலத்தில்தான் என்று எண்ணுவதற்கு இனி இடமில்லை.

ஆனால் தாழிகளை வைத்து மக்கள்தொகையைக் கணக்கிட முடியுமா? ஒரு சிறு கணக்கு இதன் சிக்கலைக் காட்டும். பழங்காலச் சமூகத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 பேர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். ஓர் ஈமக்காட்டில் 1000 தாழிகள் இருந்து, அவை 100 ஆண்டுகளில் புதைக்கப்பட்டிருந்தால், ஆண்டுக்குப் 10 சாவு. ஊரில் 250 பேர். அதே 1000 தாழிகள் 1000 ஆண்டுகளில் சேர்ந்தவை என்றால் ஊரில் 25 பேர்தான். இறந்த எல்லோருக்கும் தாழி கிடைத்ததா, ஒரே தாழிக்குள் எத்தனை பேரின் எலும்பு என்ற கேள்விகள் வேறு இருக்கின்றன. புதைத்த காலம் எவ்வளவு நீண்டது என்பது நுட்பமாகத் தெரியாதவரை, தாழிகளின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் ஆட்களின் எண்ணிக்கையாக அதை மாற்ற முடியாது.

இந்தச் சிக்கல் தீர்ந்த ஓர் இடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். வட அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டி வாழ்ந்த இரோகுவோய மொழிக் குடிகள் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டவர்கள். மரச்சட்டமும் மரப்பட்டையும் கொண்டு கட்டிய நீண்ட வீடுகளில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தன. மண் வளமும் விறகும் தீரத்தீர, பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரையே பெயர்த்து வேறிடம் சென்றார்கள். அதனால் ஒவ்வொரு ஊரும் ஒரு தலைமுறையின் ஊர். அதன் அடுப்புகளை எண்ணினால் அந்தத் தலைமுறையின் ஆள்தொகை கிடைத்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் ஹூரோன் என்று அழைத்த வெண்டாட் மக்கள், ஊர் பெயரும்போது அதுவரை இறந்தோரின் எலும்புகளை எடுத்துச் சுத்தம் செய்து, ஒரே பெருங்குழியில் இட்டு விழா எடுத்தார்கள். 1636இல் ஒசோசானே என்ற ஊரில் நடந்த அந்த விழாவை ஏசு சபைப் பாதிரியார் ஜான் தெ பிரெபெஃப் நேரில் பார்த்து எழுதிவைத்தார். அதே குழியை 1947–48இல் கென்னெத் கிட் அகழ்ந்தார். எழுத்தும் மண்ணும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும் அரிய இடம் அது. அங்கே எடுக்கப்பட்ட எலும்புகள் 1999இல் வெண்டாட் வழித்தோன்றல்களின் வேண்டுகோளின்படி மீண்டும் புதைக்கப்பட்டன. எலும்பை எடுத்து மறுபடி புதைக்கும் வழக்கம் நம் தாழிகளிலும் உண்டு. ஆனால் அந்த எலும்புகளுக்குரிய ஊர்களை, அவற்றின் வீடுகளையும் அடுப்புகளையும், நாம் இன்னும் போதிய அளவு தோண்டவில்லை. ஈமக்காட்டுக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதியாவது வாழிடங்களுக்குக் காட்டினால்தான் இந்தக் குறை தீரும்.

தாழிக் காலத்துக்குப் பின் கல்வெட்டுகள் பேசத் தொடங்குகின்றன. அவை குளம், மடை, நிலதானம், கோவில் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்றன, ஆட்களை எண்ணுவதில்லை. கழுகுமலையின் சமணச் சிற்பங்களும் வெட்டுவான் கோவிலும் 8ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. அவ்வளவு பெரிய வேலைக்கு ஆளும் சோறும் கொடுக்கத்தக்க ஊர்கள் கரிசலின் விளிம்பில் அப்போதே இருந்திருக்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் படையெடுப்புகளில் மதுரை கைநழுவியபின் பாண்டியர் தெற்கே ஒதுங்கினர். பராக்கிரம பாண்டியன் 1446இல் தென்காசிக் கோவிலைத் தொடங்கினான். கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊர்கள் இந்தப் பிற்காலப் பாண்டியர் காலத்தில் செழித்தன. அரசு சுருங்கியது, ஆனால் அது சுருங்கி வந்து சேர்ந்த இடம் இந்த மேற்குப் பகுதி என்பதால், இங்கே குடிகள் பெருகியிருக்க வேண்டும்.

அடுத்த மூன்று நூற்றாண்டுகளில்தான் இன்றைய குடிப்பரப்பின் அடிப்படை உருவானது. இரண்டு பெரும் நகர்வுகள் நடந்தன. கிழக்கே இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மறவர்கள் மேற்கு நோக்கி வந்து, மலையடிவாரக் குளங்களையும் காவல் உரிமைகளையும் பற்றினார்கள். வடக்கிலிருந்து விஜயநகரப் படைகளோடும் அவற்றைத் தொடர்ந்தும் தெலுங்கு பேசும் குடிகள் வந்தன. கம்பளத்தார், கம்மவார், ரெட்டியார், அவர்களோடு வந்த தொழிற்குடிகள் பலவும் கரிசலில் பரவின. நெல்லை மட்டும் நம்பிய உழவர்கள் தொடாமல் விட்டிருந்த கரிசலில் பருத்தியும் சோளமும் கம்பும் விளைவிக்கும் அனுபவம் இவர்களுக்கு இருந்தது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவல், கம்மவார் குடும்பங்கள் வடக்கிலிருந்து அஞ்சி ஓடிவந்து கரிசலில் ஊன்றிய வழிவழிக் கதையைச் சொல்வது. அத்தகைய கதைகளில் நாளும் தேதியும் இருக்காது. ஆனால் எந்த வழியாக வந்தார்கள், யாரோடு வந்தார்கள், காட்டை எப்படித் திருத்தினார்கள் என்ற செய்தி இருக்கும். கல்வெட்டில் கிடைக்காதது அது.

மதுரை நாயக்கர் ஆட்சியில் இந்த இரு கூட்டத்தாரும் பாளையங்களாக அமைக்கப்பட்டனர். எழுபத்திரண்டு பாளையம் என்பது மரபுக் கணக்கு. மேற்கில் சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி, தலைவன்கோட்டை, நெற்கட்டும்செவல் முதலியவை மறவர் பாளையங்கள். கிழக்கில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம் முதலியவை பெரும்பாலும் நாயக்கர் பாளையங்கள். பாளையம் என்றால் ஒரு சாதியின் ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் படையைப் பற்றிய மரபு, அவருடைய படைத்தலைவர்கள் ஒண்டிவீரனையும் வெண்ணிக்காலாடியையும் அவருக்கு இணையாகக் கொண்டாடுகிறது. உழவு, தோல் வேலை, காவல், கால்நடை, நெசவு என்று ஒவ்வொரு பாளையமும் பல குடிகள் கலந்து நின்ற ஓர் அமைப்பு. எந்தப் பாளையக்காரர் நல்ல விதைநெல்லும் குறைந்த வாரமும் கொடுத்தாரோ அவர் பக்கம் ஆட்கள் போனார்கள். நிலம் தாராளம், ஆள் அருமை என்றிருந்த காலத்தில், குடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதுதான் ஆட்சி.

ஐரோப்பியத் தொடர்பு இந்தச் சீமைக்கு இரண்டு கட்டமாக வந்தது. முதல் கட்டம் கடற்கரையில். 1530களில் போர்த்துகீசியர் முத்துக்குளித்துறையில் காலூன்றினர். பரதவர் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று நாள் நடையில் இருந்த சங்கரன்கோவில் பகுதிக்கு இந்த மாற்றங்கள் வெகுகாலம் எட்டவில்லை. உள்நாட்டுக்குள் முதலில் நுழைந்தவர்கள் மதுரை மிஷனின் ஏசு சபையார். காமநாயக்கன்பட்டி அவர்களுடைய பழைய நிலையம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றினார். சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள குருக்கள்பட்டியில் சிறைபிடிக்கப்பட்டு உயிர்தப்பினார் என்பது சபையின் வரலாற்றில் உள்ள செய்தி. வெண்டாட் ஊரில் பிரெபெஃப் எழுதிக்கொண்டிருந்ததும் மதுரையில் ராபர்ட் தெ நொபிலி எழுதிக்கொண்டிருந்ததும் ஒரே சபையின் மேலிடத்துக்குத்தான். உலகின் இரு கோடிகளைப் பற்றியும் ஒரே வகையான கடிதச் சான்று நமக்குக் கிடைப்பது இந்தத் தற்செயலால்.

அந்தக் கடிதங்கள் காட்டும் பெரிய வேறுபாடு நோயைப் பற்றியது. ஜாக் கார்த்தியே 1535இல் இன்றைய மாண்ட்ரியல் இருக்குமிடத்தில் ஹொச்செலகா என்ற ஊரைக் கண்டார். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு வரை உள்நாட்டு இரோகுவோயக் குடிகளின் தொகை பெரிதாகச் சரியவில்லை என்பதைத் தொல்லியலாளர் டீன் ஸ்னோ மோஹாக் பள்ளத்தாக்கின் ஊர்களை எண்ணிக் காட்டினார். ஐரோப்பியக் குழந்தைகளும் அவர்களோடு குழந்தைப் பருவ நோய்களும் கப்பலேறி வந்த 1630களில்தான் பேரழிவு தொடங்கியது. 1634 முதல் 1640 வரை அடுத்தடுத்து வந்த கொள்ளைநோய்கள், கடைசியாகப் பெரியம்மை, வெண்டாட் மக்களையும் அவர்களுடைய அண்டைக் குடியினரையும் பாதிக்கு மேல் அழித்தன. கேரி வாரிக் என்ற ஆய்வாளரின் கணக்கில் சுமார் 30 ஆயிரமாக இருந்தவர்கள் சுமார் 12 ஆயிரமாகக் குறைந்தார்கள். முதியவர்களும் குழந்தைகளும் முதலில் போனார்கள். முதியவர்களோடு ஊரை நடத்தும் அறிவும் போனது. 1649–50இல் ஐந்து குடிகளின் கூட்டணியான ஹௌடெனோசௌனியின் தாக்குதலில் வெண்டாட் நாடே சிதறியது. வென்றவர்களும் நோயால் மெலிந்தவர்களே. சிறைப்பிடித்தவர்களைத் தங்கள் குடும்பங்களில் இறந்தோரின் இடத்தில் தத்தெடுத்து அவர்கள் தொகையை ஈடுகட்டினார்கள்.

தமிழ்நாட்டில் அப்படி எதுவும் நிகழவில்லை. 1530களுக்குப் பின் பரதவர் ஊர்கள் ஆளொழிந்து போகவில்லை. 1750களுக்குப் பின் பாளையங்களும் நோயால் வெறிச்சோடவில்லை. காரணம், பெரியம்மை இங்கே புதிதல்ல. ஆடு மாடுகளோடு நெருங்கி, சந்தைகளாலும் துறைமுகங்களாலும் பிணைந்து, பெருந்தொகையாக வாழ்ந்த பழைய உலகின் நோய்க்கூட்டத்தில் தமிழர்களும் சேர்ந்தவர்கள். அம்மை பிள்ளைப் பருவத்தில் வந்தது. பலர் இறந்தனர், பிழைத்தவர்களுக்கு மறுபடி வரவில்லை. ஊர்தோறும் மாரியம்மன் கோவிலும், அம்மை கண்ட வீட்டின் கட்டுப்பாடுகளும், வேப்பிலையும் இந்த நீண்ட பழக்கத்தின் பகுதிகள். இழப்பு ஆண்டுதோறும் இருந்தது. ஒரே தலைமுறையைத் துடைத்துச் செல்லும் வடிவத்தில் அது வரவில்லை. ஐரோப்பியர் வருகை என்றாலே மக்கள்தொகைச் சரிவு என்று அமெரிக்க வரலாற்றைக் கொண்டு பொதுவிதி போட முடியாது.

இரண்டாவது கட்டம் பீரங்கியோடு வந்தது. 1755இல் ஆற்காட்டு நவாபின் வரிப் பாக்கியை வசூலிக்க, அவருடைய அண்ணன் மாபூஸ்கானோடு கர்னல் ஹெரான் தலைமையில் கும்பினிப் படை தெற்கே இறங்கியது. நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பணம் கொடுக்க மறுத்தார். கோட்டையை உடைக்கத்தக்க பீரங்கி ஹெரானிடம் இல்லை, படை திரும்பியது. மேற்குப் பாளையங்கள் பலவற்றைப் பூலித்தேவர் ஓர் அணியாகச் சேர்த்தார். கிழக்குப் பாளையங்கள் அதில் சேரவில்லை. இந்தப் பிளவு அடுத்த அரை நூற்றாண்டுக்கும் நீடித்தது. 1799இல் பாஞ்சாலங்குறிச்சி போரிட்டபோது எட்டயபுரம் கும்பினி பக்கம் நின்றது. நிலையான ஆலோசனை அவையும், பொது முடிவுக்கு ஒரு முறையும் வைத்திருந்த ஹௌடெனோசௌனிக் கூட்டணி பிரெஞ்சு, ஆங்கில வல்லரசுகளோடு நூறாண்டுக்கு மேல் பேரம் பேசி நின்றது. பாளையங்களின் அணிக்கு அத்தகைய அமைப்பு எதுவும் அமையவில்லை. அது ஒரு தலைவரின் திறமையோடு கட்டுண்டது.

கும்பினியின் தளபதி யூசுப்கான் 1759–60இல் வாசுதேவநல்லூரில் தோற்றுத் திரும்பினார். 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் பிடித்தார். அவரே கும்பினிக்கு எதிராகத் திரும்பி 1764இல் தூக்கிலிடப்பட்டார். பூலித்தேவர் மீண்டும் தலையெடுக்க, 1767இல் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். மண்ணால் கட்டிய மதிலில் குண்டுகள் உடைக்காமல் புதைந்தன. விழுந்த பிளவுகளை உள்ளிருந்தோர் குண்டு மழைக்கு நடுவே பனைமரத்தையும் வைக்கோலையும் இட்டு அடைத்ததைக் கேம்ப்பெல் வியந்து எழுதினார். கோட்டை விழுந்தது. பூலித்தேவரின் முடிவைப் பற்றிக் காகிதம் உறுதியாக ஒன்றும் சொல்வதில்லை. சங்கரன்கோவில் கோவிலுக்குள் வழிபடச் சென்றவர் அங்கேயே மறைந்தார் என்பது ஊர் மரபு. பூலித்தேவர் அறை என்று கோவிலில் ஓரிடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

இந்தப் போர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்ல முடியாது. கும்பினி தன் சிப்பாய்களை எண்ணியது. எதிரே இருந்தவர்களை எண்ணவில்லை. ஆனால் குடிவரலாற்றில் 1801 ஏன் ஒரு கோடு என்பது தெளிவு. 1799 அக்டோபர் 16இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, சில நாட்களிலேயே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட அந்த மண்கோட்டை மே 24 வரை தாக்குப்பிடித்தது. விழுந்தபின் அது தரைமட்டமாக்கப்பட்டது. உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. 1968–69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்து கட்டடங்களின் அடித்தளத்தை வெளிக்கொணர்ந்தது. பாளையங்களின் காலத்தைத் தொல்லியல் தொட்ட இடங்கள் மிகச் சில. அவற்றில் இது முக்கியமானது.

1779இல் அமெரிக்கத் தளபதி ஜான் சல்லிவன் ஹௌடெனோசௌனி நாட்டுக்குள் புகுந்து ஏறக்குறைய 40 ஊர்களையும் அவற்றின் மக்காச்சோள வயல்களையும் பழத்தோட்டங்களையும் எரித்தார். செயலில் அதுவும் பாஞ்சாலங்குறிச்சியும் ஒத்தவை. நோக்கம் வேறு. அங்கே வந்தவர்களுக்கு வேண்டியது ஆளில்லாத நிலம். எரித்த ஊர்களின் மண் அடுத்த சில பத்தாண்டுகளில் வெள்ளைக் குடியேறிகளின் பண்ணையானது. இங்கே வந்தவர்களுக்கு வேண்டியது வரி. வரி கொடுக்க ஆள் வேண்டும். குடிகளை விரட்டினால் கும்பினிக்கு நட்டம். ஒரே நூற்றாண்டில் நடந்த இரண்டு வெற்றிகளுக்குப் பின் ஒரு நாட்டில் பழங்குடிகள் சிறுபான்மையாகிப் போனதும், மற்றொன்றில் குடிகள் அதே ஊரில் நிலைத்ததும் நோயால் பாதி, இந்த நோக்கத்தால் பாதி.

ஆனாலும் நிலைத்தவர்களின் வாழ்வு மாறியது. 1801 டிசம்பர் பிரகடனத்தின்படி ஆயுதங்கள் பறிமுதலாயின, கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1803 அளவில் எஞ்சிய பாளையங்கள் நிலையான பேஷ்குஷ் (கப்பம்) கட்டும் ஜமீன்களாயின. பாளையக்காரரின் காவலுரிமையும் அதற்கு ஊர்கள் கொடுத்துவந்த காவல்கூலியும் படிப்படியாக எடுக்கப்பட்டன. போரும் காவலும் பிழைப்பாக இருந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே தலைமுறையில் உழவுக்கும் கூலிக்கும் தள்ளப்பட்டனர். 1911க்குப் பின் அவர்களில் பலருடைய வழிவந்தவர்கள் மீதுதான் குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. இரவில் காவல் நிலையத்தில் கைநாட்டு வைக்கும் அந்தக் கொடுமை சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கியது. குடியை இழுக்கப் போட்டியிட்ட பாளையங்கள் மறைந்ததும், விரும்பாத இடத்தை விட்டு நகரும் பழைய உரிமையும் மங்கியது. எல்லையும் பட்டாவும் வந்தபின் ஊர்கள் அங்கங்கே உறைந்தன.

மக்கள்தொகையில் உண்மையான பள்ளங்கள் இந்த அமைதிக் காலத்தில்தான் விழுந்தன. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி சீமைகளில் ஒரு கொடுங்காய்ச்சல் பரவியது. சென்னை அரசு மருத்துவக் குழு ஒன்றை அனுப்பி விசாரித்தது. ஒயிட்லா ஏன்ஸ்லி முதலிய மருத்துவர்களின் அறிக்கை 1816இல் லண்டனில் அச்சானது. 1817க்குப் பின் வாந்திபேதி வங்கத்திலிருந்து பரவி, படைகளோடும் யாத்திரிகர்களோடும் தெற்கே வந்து, 19ஆம் நூற்றாண்டு முழுவதும் திரும்பத்திரும்ப வந்தது. திருவிழாக் கூட்டமும் ஒரே தெப்பக்குளத்து நீரும் அதற்கு வழியாயின.

எண்ணிக்கை என்று ஒன்று கிடைப்பதும் இப்போதுதான். 1822இல் சென்னை மாகாணத்தில் எடுத்த கணக்கு திருநெல்வேலி மாவட்டத்துக்குச் சுமார் 5.65 லட்சம் பேரைக் காட்டுகிறது. 1871இல் நடந்த முதல் முறையான குடிமதிப்பு 16,93,959 பேரைக் காட்டுகிறது. 49 ஆண்டுகளில் மும்மடங்கு என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வளர்ச்சி. காய்ச்சலும் வாந்திபேதியும் அலைக்கழித்த காலத்தில் அது நம்பத்தக்கதல்ல. 1822இன் கணக்கர்கள் ஜமீன் ஊர்களையும் புறஞ்சேரிகளையும் பெருமளவு விட்டுவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும். சங்கரநயினார்கோவில் என்று அரசுப் பதிவுகளில் எழுதப்பட்ட வட்டத்தில் ஜமீன் ஊர்கள் மிகுதி. ஆகவே விடுபட்டவர்களில் இந்தப் பகுதி மக்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் மக்கள்தொகை மூன்று மடங்கானது என்று இந்த இரண்டு எண்களை வைத்துப் பெருமை பேசுவோர் ஏமாறுகிறார்கள்.

1871க்கும் 1881க்கும் இடையிலான பத்தாண்டை ஐயமின்றிப் படிக்கலாம். 1881இல் தொகை 16,99,747. பத்தாண்டில் கூடியது வெறும் 5,788 பேர். நடுவே விழுந்தது 1876–78இன் தாது வருஷப் பஞ்சம். வடகிழக்குப் பருவமழை தவறி, கரிசலில் கம்பும் சோளமும் பொய்த்தன. கஞ்சித்தொட்டிகளில் கூடியவர்களிடையே வாந்திபேதியும் அம்மையும் பரவின. பசியால் மெலிந்த உடம்பில் பழகிய நோயும் கொல்லும். பஞ்சம் இல்லாத அடுத்த பத்தாண்டில், 1891க்குள், தொகை 19,16,095 ஆனது. இரண்டு லட்சத்துக்கு மேல் கூடியது. இந்த இரு பத்தாண்டுகளையும் அருகருகே வைத்தால், பஞ்சத்தில் இறந்தவர்களும், அதனால் பிறக்காமல் போனவர்களும், ஊரை விட்டுப் போனவர்களும் சேர்ந்து எவ்வளவு பெரிய கூட்டம் என்பது புலப்படும்.

ஊரை விட்டுப் போனவர்கள் இலங்கைக்குப் போனார்கள். 1830களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியபோதே திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சைச் சீமைகளின் கூலிகள் கங்காணிகளின் பின்னே கடல் தாண்டினார்கள். காப்பி பறிக்கும் காலத்துக்குப் போய், பறிப்பு முடிந்ததும் திரும்பிவந்தார்கள். மழை தப்பினால் நகர்ந்து பிழைக்கும் பழைய கரிசல் வழக்கத்துக்கு அது புது வடிவம். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் துறைமுகத்துக்குப் போவது எளிதானது. காப்பி நோயால் அழிந்து தேயிலை வந்ததும், ஆண்டு முழுவதும் வேலை இருந்ததால் குடும்பங்கள் அங்கேயே தங்கின. சிவகிரிப் பக்கத்திலும் கரிசலிலும் நிலமற்றவர்களே மிகுதியாகப் போனார்கள். 1901இல் திருநெல்வேலி மாவட்டத்தின் தொகை 20,59,607 என்று பதிவானபோது, அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. இலங்கை தன் 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் என்று முதன்முறையாகத் தனிப் பிரிவு வகுத்து, சுமார் 5.3 லட்சம் பேரை அதில் எழுதியது.